கருங்குழிக்குத் திட்டம் போடுவது யார்?

சென்னையிலிருந்து திருச்சிப் பெருஞ்சாலையில் தெற்கே வருகிறவர்கள், செங்கற்பட்டைக் கடந்து, பாலாற்றுப் பாலத்தையும் மாமண்டூரையும் படாளத்தையும் தாண்டினால் கருங்குழியைக் காண்பார்கள். காண்பார்கள் என்பது உபசார வார்த்தை. மோட்டார்கள் போகிற வேகத்தில் பெயர்ப்பலகை ஒன்றும், மனை விற்பனைக்காக நட்ட வர்ணக் கொடிகள் சிலவும் கண்ணிற் பட்டால் அதுவே அதிகம். கருங்குழி என்றவுடன் இராமலிங்க சுவாமிகள் தண்ணீரால் விளக்கெரித்ததாகச் சொல்லப்படும் ஊரை நினைப்பவர்கள் உண்டு. அது வடலூரை அடுத்த கருங்குழி. நாம் எழுதுவது மதுராந்தகம் தாலூகாவைச் சேர்ந்த கருங்குழியைப் பற்றி. இதன் கீர்த்தி வேறு வகையைச் சேர்ந்தது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கர்நாடகத்திற்காக மோதிக்கொண்ட நாட்களில் இங்கே இருந்த கோட்டை மாறி மாறிக் கைமாறியது. 1780-ல் ஹைதர் அலியிடம் போனது. 1781-ல் கூட் துரையின் படையார் அதை மீட்டுக் கொண்டனர். பிறகு கும்பினியார் ஆட்சியில் சில காலம் ஜில்லாக் கலெக்டரின் கச்சேரியே இவ்வூரில்தான் இருந்தது.

செங்கற்பட்டுச் சீமை முழுமைக்கும் உத்தரவு புறப்பட்ட ஊர் இது. இன்று தன் எல்லைக்குள் எந்த வயல் மனையாகலாம், ஏரிக்கரையில் எந்தக் கல்லைப் பதிக்கலாம் என்பதற்கெல்லாம் வெளியிலிருந்து வரும் முத்திரையை எதிர்பார்த்து நிற்கிறது. கருங்குழிக்கு மட்டும் நேர்ந்த கதியன்று இது. தமிழ்நாட்டின் பேரூராட்சிகள் பலவற்றின் கதி இதுவே. ஆயினும் ஒரு காலத்தில் ஜில்லாவை ஆண்ட ஊர் என்பதால் இங்கே அது சற்று உறைப்பாகத் தெரிகிறது.

இத்தகைய ஊர்களின் மேசைக்கு இப்பொழுது இரண்டு வகைக் காகிதங்கள் வருகின்றன. ஒன்று, மனைப்பிரிவுக்கும் கட்டிடத்துக்கும் அனுமதி கோரும் மனு. மற்றொன்று, ஏரிக்கரையைச் செப்பனிட்டு ஜனங்கள் காலை மாலை உலாவுவதற்குப் பாதை அமைக்கலாம் என்னும் யோசனை. முன்னது தனி மனிதர் விஷயம், பின்னது பொதுஜன சௌகரியம் என்று இவ்விரண்டையும் வேறு வேறு கட்டில் வைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அப்படிப் பிரித்துப் பேசுவதனாலேயே இரண்டிலும் ஏமாந்து போகிறோம் என்பது நமது அபிப்பிராயம். பாதை வருவது கரையின் மேல். மனை வருவது கரையின் கீழ். இரண்டுக்கும் ஆதாரமாக நிற்பது ஒரே தண்ணீர்.

ஏரி என்பது வெறும் பள்ளமும் மேடும் அல்ல என்பதைப் பட்டணத்து வாசிகளுக்குத்தான் சொல்ல வேண்டும், கருங்குழியார் அறிவார்கள். வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. கரை அதைத் தாங்குகிறது. மதகு வழியாக வயலுக்குப் போகிறது. மிகுந்தது கலங்கல் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகிறது. மேலூர் ஏரி நிரம்பிக் கீழூர் ஏரியை நிரப்பும் சங்கிலி இது. இச்சங்கிலியைக் காத்தது எது? சர்க்காரின் காவற்காரனா? இல்லை. ஏரி நிரம்பினால் தன் களத்தில் நெல் குவியும் என்றிருந்த குடியானவனின் கவலையே அதைக் காத்தது. ஏரிக்கென்று ஊரில் ஒரு கட்சி இருந்தது. அக்கட்சி உள்ளவரை வரத்துக்காலில் ஒரு கூடை மண் விழுந்தாலும் கேள்வி எழும்.

ஆயக்கட்டு நிலம் மனையாகும்போது என்ன நடக்கிறது? வயலுக்குப் பாய்ந்த வாய்க்கால் முதலில் தூர்கிறது; பிறகு சாலையாகிறது. மதகைத் திறக்க வேண்டிய அவசியம் போய்விடுகிறது. கரையின் கீழே வீடு கட்டியவர் ஏரி நிறைவதைக் கண்டு சந்தோஷப்படுவதில்லை. சுவரில் ஓதம் ஏறுமே, மழை வலுத்தால் கூடத்தில் தண்ணீர் வருமே என்று பயப்படுகிறார். குடியானவன் கலங்கலை உயர்த்தச் சொல்லி மனுக் கொடுப்பான். மனைக்காரர் கலங்கலை இடிக்கச் சொல்லி மனுக் கொடுப்பார். அவரையும் நாம் குற்றம் சொல்வதற்கில்லை. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய வீடு அவருடையது. அந்த மனைக்கு அனுமதி முத்திரை குத்தியவர்கள் அன்றைக்கே ஏரியின் கட்சியை ஒரு வீடு குறைத்துவிட்டார்கள் என்பதுதான் விஷயம். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகேறித் தப்பிய ஜனங்கள் எவ்வளவு பேர் என்பது நேயர்களுக்கு நினைவிருக்கும். அவ்வீடுகளுக்குள் தண்ணீர் புதிதாக வழி கண்டுபிடித்து வரவில்லை; தன் பழைய வழியிலேயே வந்தது.

இனி, அனுமதி எவ்வாறு வழங்கப்படுகிறது என்று பார்ப்போம். 1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டமும், 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டிட விதிகளும் இதற்கு ஆதாரம். பெரிய மனைப்பிரிவானால் நகர் ஊரமைப்பு இயக்ககத்தார் படத்தைப் பரிசீலிக்கிறார்கள். பிறகு ஊர் ஸ்தாபனம் இறுதி அனுமதி தருகிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்தில் ஒரு பங்கு நிலத்தைப் பொது உபயோகத்துக்கென்று ஊர் ஸ்தாபனத்துக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதற்குச் சிறிய பிரிவுகளில் நிலத்துக்குப் பதில் கிரயம் செலுத்தினாலும் போதும். விதி நல்ல விதிதான். ஆனால் தன் ஊரில் இப்படித் தானமாக வந்த பூங்கா நிலங்கள் எத்தனை, அவை எந்தெந்தப் புல எண்ணில் இருக்கின்றன, இன்று அவற்றில் நிற்பது மரமா, மாடா, கட்டிடமா என்று சொல்லக்கூடிய வார்டு அங்கத்தினர் எத்தனை பேர்? பொதுஜனங்கள் உலாவ இடமில்லை என்று ஏரிக்கரையைத் தேடிப் போகுமுன், ஏற்கெனவே அவர்களுக்கென்று எழுதிக் கொடுக்கப்பட்ட இடம் எங்கே போயிற்று என்று கேட்பதல்லவா முறை?

சிறு வீடு கட்டுவோருக்கு 2024 ஜூலையில் சர்க்கார் ஒரு சலுகை செய்தார்கள். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர், தாமே உறுதிமொழி எழுதி இணைய வழியில் மனுச் செய்தால் உடனே அனுமதி கிடைக்கும் என்றார்கள். இதை நாம் வரவேற்கிறோம். ஓர் ஆசிரியரோ, தறிக்காரரோ, சிறு வியாபாரியோ சொந்தக் கூரைக்காகக் கச்சேரி வாசலில் தரகர்களுக்குக் கும்பிடு போடும் அவமானம் இதனால் குறைந்தால் புண்ணியம். ஆனால் வீட்டின் படத்தைத் தனித்தனியே பார்க்க வேண்டாம் என்றால், வீடுகள் எழும்பும் மனைப்பிரிவின் படத்தை இரட்டிப்புக் கவனத்துடன் அல்லவா பார்க்க வேண்டும்? வாய்க்கால் மேல் மனை போட்டபின் அதில் எழும்பும் வீடு எவ்வளவு சட்டப்படி கட்டப்பட்டாலும் தண்ணீருக்கு அதனால் என்ன லாபம்?

இவ்விடத்தில் ஒரு பழைய கணக்கை நினைவூட்ட விரும்புகிறோம். அனுமதி பெறாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை ஹைகோர்ட்டு 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது. அதன் விளைவாக, அத்தகைய மனைகளை முறைப்படுத்தும் விதிகள் 2017 மே மாதத்தில் வந்தன. தமிழ்நாடெங்கும் ஊர்களின் உருவத்தையே நிரந்தரமாக்கிய காரியம் அது. அப்பொழுது நகரசபைகளிலும் பேரூராட்சிகளிலும் ஜனங்கள் தேர்ந்தெடுத்த அங்கத்தினர் யார்? ஒருவரும் இல்லை! 2011-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட சபைகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல்தான் நடந்தது. ஐந்து வருஷத்துக்கு மேல் உத்தியோகஸ்தர் ஆட்சி. நகர அமைப்பு, நில உபயோகம், கட்டிட ஒழுங்கு ஆகியவற்றை ஊர் ஸ்தாபனங்களுக்கு ஒப்புவிக்கத்தக்க அதிகாரங்களின் முதல் வரிசையில் வைத்து அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் 1993 ஜூனில் அமுலுக்கு வந்திருக்க, அவ்வதிகாரத்தைச் செலுத்த வேண்டிய காலத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. வெள்ளைக்காரன் காலத்து ஸ்தல போர்டுகளில் நியமன அங்கத்தினர் ஆதிக்கத்தை எதிர்த்துப் போராடியவர்கள் இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?

சுயாட்சி என்னும் சொல் செங்கற்பட்டு வட்டாரத்துக்குப் புதிதன்று. கருங்குழியிலிருந்து ஒரு பொழுது பிரயாணத்தில் உத்தரமேரூர் இருக்கிறது. அங்கே முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய சாசனங்களைப் பற்றி மேடைதோறும் பேசிவிட்டோம். குடவோலையைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அங்கே என்னென்ன வாரியங்கள் இருந்தன என்பதைப் பேசுவதில்லை. ஏரிக்கென்று தனி வாரியம். அதில் ஆறு பேர். தோட்டத்துக்கென்று வேறொரு வாரியம். அதில் பன்னிரண்டு பேர். பதவிக்காலம் முந்நூற்றறுபது நாள். மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி நிற்க முடியாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியிழந்தனர். அச்சபை அந்தணர் சபை. கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவருக்கே அதில் இடம். உழுதவனுக்கும் பெண்ணுக்கும் இடமில்லை. இதை மறைத்து அதைப் புகழ்வது சரியாகாது. ஆனாலும், ஏரியைப் பார்ப்பவர் ஊரார்தான், ஊரார்க்கே கணக்குக் காட்ட வேண்டும் என்று ஆயிரம் வருஷத்துக்கு முன் கல்லில் வெட்டி வைத்த ஜில்லாவில், இன்று ஏரிக் கரையின் எஸ்டிமேட்டை ஒருவர் பார்க்க விரும்பினால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட வேண்டியிருக்கிறது.

கும்பினியார் இச்சீமைக்கு வந்த புதிதில், 1767 முதல் 1774 வரை, பார்னார்டு என்னும் எஞ்சினீயர் சுமார் இரண்டாயிரம் கிராமங்களை அளந்து கணக்கெடுத்தார். அக்கணக்கோடு தொடர்புடைய ஓலைச் சுவடிகளைத் தரம்பால் அவர்களும், அவருக்குப் பின் சென்னைக் கொள்கை ஆய்வு மையத்தாரும் ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள். களத்தில் நெல்லைப் பங்கிடும்போதே கோயிலுக்கும், தச்சனுக்கும், கொல்லனுக்கும், வெட்டியானுக்கும் போலவே ஏரிக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டதை அவை காட்டுகின்றன. ஏரி யாரிடமும் கை நீட்டவில்லை. அதற்குச் சொந்த வருமானம் இருந்தது. 1802-ல் இங்கே ஜமீன் முறையைப் புகுத்தினார்கள், அது நிலைக்கவில்லை, வரி வசூல் மட்டும் நிலைத்தது. ஏரியின் பங்கு சர்க்கார் பொக்கிஷத்தில் கரைந்தது. ஏரியைப் பழுது பார்க்கும் கடமையை மட்டும் 1858-ஆம் வருஷத்துக் கட்டாய வேலைச் சட்டத்தினால் குடிகளின் தலையில் ஏற்றி, அதற்குக் குடிமராமத்து என்று அழகான பெயரும் வைத்தார்கள். வருமானம் துரைக்கு, மண்வெட்டி குடிக்கு!

மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கதை எல்லாரும் அறிந்தது. கரை உடையும் தறுவாயில் இருந்த மழை இரவில், வில்லேந்திய இரு வாலிபர்கள் காவல் நின்றதைக் கலெக்டர் லயனல் பிளேஸ் கண்டார் என்றும், அதன்பின் தாயார் சன்னிதிக்குத் திருப்பணி செய்தார் என்றும் ஐதீகம். பக்தர்களோடு நமக்கு வழக்கில்லை. அந்த இரவில் கரையில் மண் சுமந்து கொட்டிய கூலிகளின் பெயர் ஒன்றுகூடக் கதையில் இல்லையே என்பதுதான் நமது சிறு வருத்தம். 23.3 அடி ஆழமுள்ள அவ்வேரியைத் தூர் வாரி ஆழப்படுத்தச் சர்க்கார் சுமார் 120 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். வேலை குறித்த காலத்தில் முடியாமல் ஏரியை வெறிதாக வைத்திருந்த வருஷங்களில் ஆயக்கட்டுக் குடிகள் பட்ட நஷ்டத்தை யார் கணக்கெடுத்தார்? திட்டம் நல்லதாயிருந்தாலும் காலத்தையும் முறையையும் நிர்ணயிக்கும்போது மதகடியில் நிற்பவனைக் கேட்டிருக்க வேண்டும்.

நகர அமைப்பு என்பது நமக்கு எப்படி அறிமுகமாயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். 1914-ல் லார்டு பென்ட்லண்டின் அழைப்பின்மேல் பாட்ரிக் கெட்டிஸ் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் சென்னைக்கு வந்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் படங்களை ஏற்றி வந்த கப்பலை ஜெர்மானிய எம்டன் மூழ்கடித்துவிட்டது. சென்னைமீது குண்டு போட்ட அதே எம்டன்தான்! நண்பர்கள் புதிதாகச் சேகரித்து அனுப்பிய படங்களைக் கொண்டு 1915-ல் செனெட் மண்டபத்தில் கண்காட்சியை நடத்தினார். முதலில் ஊரை நடந்து பார், பிறகு படம் வரை; பழையதை இடிக்குமுன் பழுது பார்க்க முடியுமா என்று யோசி; இதுவே அவர் போதனையின் சாரம். குளங்களைக் கொசுவின் பெயரால் தூர்க்க நினைத்த எஞ்சினீயர்களோடு அவர் ஒத்துப் போகவில்லை. 1920-ல் சென்னை நகர அமைப்புச் சட்டம் வந்தது. அதை அடுத்து நடந்தது என்ன? மாம்பலத்து நெடிய ஏரியை வடித்து 1923-லிருந்து தியாகராய நகரை எழுப்பினார்கள். போதகரை வரவழைத்து மாலை போட்டுவிட்டு, போதனையை மூட்டை கட்டி வைத்துவிட்டோம். இன்றும் பெருமழை பெய்தால் தியாகராய நகரத்துத் தெருக்கள் தாம் எங்கே இருக்கிறோம் என்பதை நினைத்துக் கொள்கின்றன.

அதற்கு நேர்மாறான உதாரணம் கருங்குழிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. படாளத்தில் பெருஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பினால் வேடந்தாங்கல். ஏரியின் பரப்பு 30 ஹெக்டேர்தான். நாடறிந்த அவ்வேரியில் பார்வைக்கு வருகிறவர்கள் எங்கே நடக்கிறார்கள்? ஏரிக்கரையின் மேலேதான். கரையே உலாவும் பாதை. மர நிழலில் உட்கார்ந்து, கோபுரத்தில் ஏறி, நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுவதைப் பார்க்கிறார்கள். அதே கரையின் மதகு வழியாக வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது. பறவை எச்சம் கரைந்த தண்ணீர் பயிருக்கு எருவாகும் என்பது அவ்வூர்க் குடிகள் கண்ட உண்மை. சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதைப் பொறாமல் அவர்கள் முறையிட்டு, 1798-ல் கலெக்டர் பிளேசிடம் கவுல் வாங்கினார்கள். தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை என்று தாமே கட்டுப்பாடு செய்து கொண்டார்கள். முதலில் ஊரார் உரிமை, அதைப் பற்றிய கட்டுப்பாடு, அதற்கு மேல் பார்வையாளரின் பாதை என்ற வரிசையை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

அவ்வரிசையைக் கலைக்க ஒரு முயற்சியும் நடந்தது. ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டாரம் 1998-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2020-ல் அதன் உள்வட்டத்தை 3 கிலோமீட்டராகக் குறுக்கும் யோசனை தேசிய வனவிலங்கு வாரியத்துக்குப் போயிற்று. அதே சமயத்தில், சரணாலய எல்லைக்குள் இயங்கிய மருந்துத் தொழிற்சாலை ஒன்று விஸ்தரிப்புக்கு அனுமதி கேட்டிருந்தது. கொள்ளைநோய்க் காலம், கூட்டம் கூட முடியாது. ஆயினும் பறவை அபிமானிகளும் விவசாயிகளும் பத்திரிகைகளும் எழுப்பிய கூக்குரலினால் எல்லைக் குறுக்கல் கைவிடப்பட்டது. 2022-ல் வேடந்தாங்கலும் அண்டையிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏறின. பரிசீலனை என்பது காகிதத்தோடு நின்றிருந்தால் இது நடந்திராது. ஊராரும் வெளியாரும் சேர்ந்து பரிசீலித்ததனால் நடந்தது.

ஆகவே கருங்குழி போன்ற ஊரில் ஏரிக்கரைப் பாதை வேண்டுமா என்றால், வேண்டும் என்றே சொல்வோம். 2023 நவம்பர் 4-ல் சர்க்கார் தொடங்கிய "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தில் 38 ஜில்லாக்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறிக்கப்பட்டிருக்கிறது. ஜில்லாவுக்கு ஒன்று போதாது. சர்க்கரை நோயாளியை நட என்கிறார் டாக்டர். எங்கே நடப்பது? பெருஞ்சாலை ஓரத்திலா? அங்கே நடப்பது நோயை விடச் சீக்கிரம் காரியத்தை முடித்துவிடும். ஆண்களாவது டீக்கடை வரை போய் வருவார்கள். பெண்கள் வெளிச்சமும் ஜன நடமாட்டமும் உள்ள இடமின்றி எவ்வாறு உலாவுவார்கள்? தவிர, ஆயக்கட்டு சுருங்கிப்போன ஏரிக்கு உழவர் கட்சி மெலிந்து வருகிறது. தினம் கரையில் நடப்பவர் அதற்குப் புதிய கட்சியாகலாம். குப்பை வண்டி ஏரியில் கவிழ்வதை முதலில் பார்க்கிறவர் காலையில் நடக்கிறவரே.

ஆனால் எப்படிப்பட்ட பாதை? ஏரிக்கரை மண்ணால் ஆனது. நண்டு வளையும் எலி வளையும் எங்கே விழுந்திருக்கின்றன, பின்சரிவில் எங்கே கசிவு துளிர்க்கிறது என்று மழைக்கு முன்னும் பின்னும் கண்ணால் பார்த்துத்தான் கரையைக் காக்க முடியும். அதன் தலையில் சிமெண்டுக் கல்லைப் பரப்பிவிட்டால் வெடிப்பு மறைந்து கிடக்கும். உடைப்பெடுக்கும் நாளில்தான் தெரியும். மதகுக்கு மண்வண்டி போக வழி விடாமல் இரும்புக் கிராதி போட்டால், அவசரத்தில் அதைப் பிடுங்குவதற்கே பொழுது போய்விடும். மாடு தண்ணீருக்கு இறங்கும் துறை, துணி துவைக்கும் கல், மீன் குத்தகைக்காரர் வலை உலர்த்தும் இடம் ஆகிய யாவும் அழகுபடுத்துகிறவர் கண்ணுக்கு அசிங்கமாகத் தோன்றலாம். அவை ஏரியின் பழைய கட்சிக்காரர்களின் வாசஸ்தலங்கள். அவர்களைத் துரத்திவிட்டு நடப்போரை உட்கார வைத்தால், உள்ள கட்சியையும் இழந்ததாகும். கரையோரத்துக் குடிசைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2007-ஆம் வருஷத்து ஏரிப் பாதுகாப்புச் சட்டம் ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்கிறது, அகற்றத்தான் வேண்டும். குடிசைக்கு ஒரு நோட்டீசில் ஓடும் சட்டம், வரத்துக்காலை அடைத்த மதில் சுவருக்கு மட்டும் வருஷக்கணக்கில் நொண்டக் கூடாது.

எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேலையும் நடவாது என்று சில உத்தியோகஸ்தர்களும், அவர்களை விட உரக்கச் சில அங்கத்தினர்களும் சொல்வதுண்டு. அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. கூட்டத்தில் பேசுகிறவர்கள் எல்லாரும் ஊர் நன்மைக்காகவே பேசுகிறார்கள் என்று நாம் பிரமாணம் செய்யத் தயாரில்லை. எதிர்க் கட்சியின் மனையைத் தடுக்க ஏரியின் பெயரைச் சொல்பவரும் உண்டு. ஆனால் கேளாமல் செய்ததால் வேலை சீக்கிரம் நடந்திருக்கிறதா? கேளாமல் செய்த வேலை கோர்ட்டுக்குப் போய்ப் பத்து வருஷம் நிற்கிறது. அல்லது ஒரே மழையில் போய்விடுகிறது. மாமல்லபுரத்தைப் பாருங்கள். புராதனச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டிடம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டர் வரை தனி அனுமதி வேண்டும் என்று 2010-ல் சட்டம் திருத்தப்பட்டது. அங்குள்ள ஜனங்களுக்கு அதனால் கஷ்டம் உண்டு. ஆனாலும் கோடு எங்கே என்பது எல்லாருக்கும் தெரியும். கற்சிற்பத்துக்கு இவ்வளவு தெளிவாகக் கோடு கிழித்த நாம், உயிருள்ள ஏரியின் வரத்துக்காலுக்கு ஊரார் பார்க்கும்படி ஒரு கோட்டைக் கிழிக்கவில்லை.

சென்னைப் பெருநகரத் திட்டப் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022 அக்டோபரில் விரிக்கப்பட்டது. பட்டணம் தெற்கே வருகிறது. அதைத் தடுப்பார் இல்லை. 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டங்களுக்கு, நடுவில் நீர்நிலை இருந்தாலும் நிலத்தை ஒருங்கிணைத்துக் கொடுக்க வழி செய்யும் சட்டம் ஒன்று 2023-ல் சட்டசபையில் விவாதமின்றி நிறைவேறி, 2024 அக்டோபரில் அமுலுக்கு வந்தது. இவற்றுக்கெல்லாம் முன்னே ஒரு பேரூராட்சி என்ன செய்ய முடியும் என்று சோர்ந்து போகிறவர்களுக்கு ஒன்று சொல்வோம். 2022 ஜூனில் வந்த விதிகள் வார்டுகளில் பகுதி சபைகளை ஏற்படுத்தியிருக்கின்றன. அவ்வருஷம் நவம்பர் 1-ல் நமது ஜில்லாவிலேயே, தாம்பரம் மாநகராட்சிக்குட்பட்ட பம்மலில் நடந்த சபையில் முதன் மந்திரியே வந்து உட்கார்ந்தார். சபை கூடுகிறது, ஆனால் பெரும்பாலும் தெரு விளக்கையும் சாக்கடையையும் பேசிவிட்டுக் கலைகிறது. விளக்கும் சாக்கடையும் வேண்டியவையே. அங்கே மனைப்பிரிவின் படத்தை விரித்து வைத்துப் பேசக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

ஆகையால், கருங்குழியிலும் அதைப் போன்ற ஊர்களிலும் உள்ள தேசீய ஊழியர்கள் இந்த ஐப்பசி மழைக்கு முன் ஒரு காரியம் செய்ய வேண்டுகிறோம். கிராமக் கணக்கில் புல வரைபடத்தின் நகல் வாங்கலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஆயக்கட்டுக்குப் பாய்ச்சிய பழைய நீர்க்கட்டி ஒருவரையும், பள்ளிப் பிள்ளைகள் நாலு பேரையும், உலாவும் பாதை கேட்கும் பெண்கள் சிலரையும் அழைத்துக்கொண்டு, ஏரியின் கலங்கலில் தொடங்கிப் போக்குக்கால் அடுத்த ஏரியில் சேரும் இடம் வரை நடந்து போக வேண்டும். மறுநாள் வரத்துக்கால் வழியே மேலே போக வேண்டும். வாய்க்கால் படத்தில் இருந்து தரையில் இல்லாத இடங்களுக்குச் சிவப்பு மையால் குறியிடலாம். எழுதிக் கொடுத்த பூங்கா நிலங்களுக்குப் பச்சை மையால் குறியிடலாம். அந்தப் படத்தை அடுத்த பகுதி சபையில் சுவரில் மாட்டிவிட்டு, இனி வரும் ஒவ்வொரு மனைப்பிரிவு மனுவையும், ஏரிக்கரைப் பாதையின் எஸ்டிமேட்டையும் அதன்மேல் வைத்துப் பார்த்த பிறகே தீர்மானம் போட வேண்டும் என்று அங்கத்தினரிடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். அவர் சம்மதித்தாரா இல்லையா என்பதைச் சபையின் நடவடிக்கைப் புத்தகத்தில் பதிவு செய்யும்படி வற்புறுத்த வேண்டும்.